தறிச் சத்தம் கேட்ட சென்னை

முதல் தடவை சென்னைக்கு வருபவர்கள் பார்க்கும் இடங்கள் எல்லோருக்கும் தெரிந்தவைதான். மெரினா, சாந்தோம் தேவாலயம், எழும்பூர் அருங்காட்சியகம், நேரம் இருந்தால் புனித ஜார்ஜ் கோட்டை, கையில் காசு இருந்தால் தி.நகர். அப்படியானால் இரண்டாவது தடவை வருபவருக்கு என்ன மிச்சம்? நிறையவே இருக்கிறது! ஒரு நாள் ஒதுக்கி, பெயர் 'பேட்டை' என்று முடியும் சில இடங்களைச் சுற்றினால் போதும். இந்த ஊர் எதற்காக உருவானது, யாருடைய உழைப்பில் வளர்ந்தது என்பது கோட்டையைவிட அங்கேதான் நன்றாகப் புரியும்.

முதலில் ஒரு கேள்வி. 1639-ல் கிழக்கிந்தியக் கம்பெனியின் பிரான்சிஸ் டே எதற்காக இந்த மணல் கரையைத் தேர்ந்தெடுத்தார்? இங்கே இயற்கைத் துறைமுகம் கிடையாது. கப்பல்கள் கடலில் தள்ளித்தான் நிற்க வேண்டும். சரக்கையும் ஆட்களையும் மசூலாப் படகுகளில் ஏற்றி, அலையோடு போராடிக் கரை சேர்க்க வேண்டும். இவ்வளவு சிரமம் இருந்தும் அவர் இந்த இடத்தை விரும்பியதற்கு முக்கியமான காரணம் பருத்தித் துணி. இந்தப் பகுதியில் நல்ல துணி மலிவாகக் கிடைத்தது. ஆக, சென்னை துணிக்காகப் பிறந்த ஊர்.

அந்தத் துணியை வாங்கி விற்றவர்களும் அதற்காக உழைத்தவர்களும் கோட்டைக்கு வடக்கே குடியேறினார்கள். வெள்ளைக்காரர்கள் அதைக் கறுப்பர் நகரம் என்று அழைத்தார்கள். இன்று போனால் அந்தப் பழைய ஊரைப் பார்க்க முடியாது. 1746-ல் பிரெஞ்சுக்காரர்கள் கோட்டையைப் பிடித்தார்கள். 1749-ல் அது ஆங்கிலேயர் கைக்குத் திரும்பி வந்தது. கோட்டையை ஒட்டி வீடுகள் இருந்தால் எதிரி மறைந்து நின்று தாக்க வசதியாகிவிடும் என்பதால் பழைய கறுப்பர் நகரம் இடிக்கப்பட்டு வெறும் திடலாக்கப்பட்டது. உயர்நீதிமன்றம் இருப்பது அந்த இடத்தில்தான். அந்தத் திடலின் எல்லையைக் காட்ட ஆறு தூண்கள் நட்டார்கள். ஒன்றே ஒன்று பாரிமுனையில் டேர் ஹவுஸ் கட்டடத்தை ஒட்டி மிஞ்சியிருக்கிறது. தினமும் ஆயிரக்கணக்கான பேர் அதைத் தாண்டிப் போகிறார்கள். நின்று பார்ப்பவர்கள் குறைவு.

பாரிமுனைக்கு வடக்கே உள்ள முத்தியால்பேட்டையும் பெத்தநாயக்கன்பேட்டையும் சேர்ந்ததுதான் இன்றைய ஜார்ஜ் டவுன். இந்த இரண்டு பேட்டைகளுக்கும் ஒரு சண்டைக் கதை உண்டு. அந்தக் காலத்தில் தொழில் செய்யும் சாதிகள் வலங்கை, இடங்கை என்று இரு அணிகளாகப் பிரிந்திருந்தன. எந்தத் தெருவில் யார் ஊர்வலம் போகலாம் என்பதில் கூட மோதல் வரும். 1707-ல் அது பெரிதாக வெடித்தது. வலங்கை அணியினர் ஊரை விட்டு வெளியேறி சாந்தோமில் போய் உட்கார்ந்துகொண்டார்கள். ஆள் இல்லாமல் ஊர் எப்படி நடக்கும்? கவர்னர் தாமஸ் பிட் கடைசியில் சமரசம் பேச வேண்டியதாயிற்று. பெத்தநாயக்கன்பேட்டை வலங்கையருக்கு, முத்தியால்பேட்டை இடங்கையருக்கு என்று பிரிக்கப்பட்டது. கோட்டையில் பீரங்கி இருந்தாலும், இந்த மக்கள் ஒத்துழைக்காவிட்டால் கம்பெனிக்கு வியாபாரம் இல்லை என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி வேண்டியதில்லை.

அடுத்து இன்னும் வடக்கே, வண்ணாரப்பேட்டை. தறியில் இருந்து இறங்கும் துணி அப்படியே கப்பல் ஏறாது. அது பழுப்பாக, கஞ்சியோடு இருக்கும். துவைத்து, வெயிலில் காயவைத்து, வெளுத்த பிறகுதான் சாயமோ ஏற்றுமதியோ. அதற்குத் தண்ணீரும் பரந்த வெட்டவெளியும் வேண்டும். அந்த வேலையைச் செய்த சலவைத் தொழிலாளர்கள் வாழ்ந்த இடம்தான் இது. இன்று அந்த வெட்டவெளி இல்லை. ஆனால் துணி இந்தப் பேட்டையை விட்டுப் போகவில்லை. பழைய வண்ணாரப்பேட்டை எம்.சி. ரோட்டில் தீபாவளிக்கு முன்பு போய்ப் பார்த்தால் தெரியும். கால் வைக்க இடம் இருக்காது!

அங்கிருந்து மெட்ரோ ரயிலில் திருவொற்றியூர் பக்கம் போனால் காலடிப்பேட்டை வரும். பெயரைக் கேட்டால் யாரோ ஒரு மகானின் காலடி பட்ட ஊர் என்று தோன்றும். உண்மையில் 1717 முதல் 1720 வரை கவர்னராக இருந்த ஜோசப் காலெட் நெசவாளர்களுக்காக உருவாக்கிய குடியிருப்பு இது. 'காலெட் பேட்டை' மக்கள் வாயில் காலடிப்பேட்டை ஆகிவிட்டது. இங்கே உள்ள கல்யாண வரதராஜப் பெருமாள் கோயிலும் காலெட்டின் காலத்தோடு சேர்த்தே பேசப்படுகிறது.

திரும்பி வரும் வழியில் கடைசியாகப் பார்க்க வேண்டியது சிந்தாதிரிப்பேட்டை. துணிக்கு ஆர்டர் இருந்தது, போதுமான நெசவாளர்கள் பக்கத்தில் இல்லை. அதனால் 1734-ல் கவர்னர் மார்ட்டன் பிட் காலத்தில், கூவம் ஆறு வளையும் இடத்தில் இருந்த சுங்குராம செட்டியின் தோட்டத்தை எடுத்து நெசவாளர்களையும் நூல் நூற்பவர்களையும் துணியில் வண்ணம் எழுதுபவர்களையும் குடியமர்த்தினார்கள். சின்னத் தறிப் பேட்டை என்பதே சிந்தாதிரிப்பேட்டை ஆனது என்பார்கள். ஆதிகேசவப் பெருமாள் கோயிலும் ஆதிபுரீஸ்வரர் கோயிலும் இங்கே அருகருகே இருக்கின்றன. இன்று இந்தப் பெயரைச் சொன்னால் பலருக்கு மீன் மார்க்கெட்தான் ஞாபகம் வரும்.

அந்தத் தறிகள் எங்கே போயின? இந்தியத் துணி அதிகம் வந்தால் தங்கள் பிழைப்பு போய்விடும் என்று இங்கிலாந்து நெசவாளர்கள் பயந்தார்கள். 1700-லும் 1721-லும் வண்ணத் துணிகளுக்கு அங்கே தடைச் சட்டங்கள் வந்தன. பிறகு இயந்திரத் தறிகள் வந்தன. துணியை ஏற்றுமதி செய்த கடற்கரைக்கே மான்செஸ்டர் துணி வந்து இறங்கியது. கடன் கொடுத்துக் கூப்பிட்டு வீடு கட்டி வாழச் சொன்ன அதே ஆட்சியில்தான் நெசவாளர்களின் தொழில் நசிந்தது.

கவர்னர்களுக்குக் கல்லறையும் ஓவியமும் இருக்கின்றன. நெய்தவர்களுக்கும் வெளுத்தவர்களுக்கும் சிலை கிடையாது, அவர்களில் பெரும்பாலோரின் பெயர் கூட எங்கும் எழுதப்படவில்லை. அவர்களுக்கு மிஞ்சிய நினைவுச் சின்னம் இந்த ஊர்ப் பெயர்கள் மட்டுமே. வண்ணாரப்பேட்டை, காலடிப்பேட்டை, சிந்தாதிரிப்பேட்டை மூன்றுமே இன்று ரயில் நிலையப் பலகைகளில் இருக்கின்றன. அடுத்த தடவை சென்னைக்கு வரும்போது, ரயில் நிற்கும் அந்த அரை நிமிடத்தில் பலகையை ஒருமுறை நிதானமாகப் படித்துப் பாருங்கள். முடிந்தால் இறங்கியும் பாருங்கள்!