முக்காலியை விட்டு இறங்கிய புகைப்படக் கலை

மனிதர் வாழ்ந்து நீங்கிய கட்டடம் விரைவில் உருமாறிவிடும். கூரை ஒழுகும், சுவரில் ஆலஞ்செடி வேரூன்றும், கதவும் சன்னலும் களவு போகும். அதன் இறுதிக்கால உருவத்தைப் பின்வருவோர்க்குக் காட்டவல்ல சான்றுகளுள் புகைப்படம் தலைசிறந்தது. ஆயினும் இத்தகைய கட்டடத்தின் உட்புறத்தைக் கையில் ஏந்திய கருவியாலேயே படம் பிடிப்பது, புகைப்படக் கலை பிறந்து ஏறத்தாழத் தொண்ணூறு ஆண்டுகள் கழிந்த பின்னரே கைகூடிற்று. அம்மாற்றத்தின் வரலாறு, எவருடைய வாழ்விடங்கள் பதிவாயின, எவருடையவை பதிவாகாமல் மறைந்தன என்பதன் வரலாறுமாகும்.

அசையாதவற்றின் காலம்

1839ஆம் ஆண்டில் பாரிசு நகரில் லூயி தாகேர் கண்ட முறை உலகுக்கு அறிவிக்கப்பட்டது. அக்காலத்துத் தகடுகள் ஒளியை மிக மெதுவாகவே உணர்ந்தன. வெயிலில் ஒரு படம் பதியவே பல நிமிடங்கள் வேண்டியிருந்தது. 1838இல் தாகேர் எடுத்த பாரிசுத் தெருக்காட்சி ஒன்றில், ஆளும் வண்டியும் நடமாடிய பெருஞ்சாலை வெறிச்சோடித் தோன்றுகிறது. காலணிக்கு மெருகேற்றிக்கொள்ள நின்ற ஒருவரும், அவர் காலடியில் அப்பணியைச் செய்தவரும் மட்டுமே அடையாளம் காணுமாறு பதிந்துள்ளனர். நகர்ந்துகொண்டிருந்தோர் மறைந்து போயினர்.

இத்துணை நேரம் கருவியை அசையாது நிறுத்துதற்கு முக்காலி இன்றியமையாததாயிற்று. 1851இல் பிரெஞ்சு அரசின் நினைவுச் சின்னங்கள் குழு, சிதைந்துவரும் பழங்கட்டடங்களைப் படமெடுக்க ஐந்து புகைப்படக் கலைஞரை நாடெங்கும் அனுப்பியது. கட்டடம் ஓடாது, அசையாது. ஆகவே அக்காலக் கருவிக்கு அது மிகவும் ஏற்ற பொருளாயிற்று.

தமிழகத்திலும் இத்தகைய முயற்சி நடைபெற்றது. சென்னை மாகாண அரசின் புகைப்படக் கலைஞராகப் பணியாற்றிய கேப்டன் லின்னேயஸ் டிரைப், 1858இல் மதுரையின் கட்டடங்களைப் படமெடுத்தார். கருவிகளும் மருந்துகளும் மாட்டு வண்டிகளில் சென்றன. திருமலை நாயக்கர் அரண்மனையின் பெரும்பகுதி அதற்கு முன்பே அழிந்திருந்தது. எஞ்சிய பகுதியும் பாழடைந்து கிடந்தது. 1866 முதல் 1872 வரை ஆளுநராயிருந்த நேப்பியர் பிரபுவின் காலத்தில் அது பழுதுபார்க்கப்பட்டது. பழுதுபார்க்கு முன்னர் அம்மாளிகை இருந்த நிலையை இன்று கண்ணாற் காண முடிகிறதெனில், அது டிரைப்பின் முக்காலி தந்த கொடை. ஆனால் அரசின் ஆதரவும் வண்டியும் பணியாட்களும் உடையவர்க்கே அக்கொடை வாய்த்தது.

வெளிச்சமற்ற உட்புறங்களின் நிலை இன்னும் கடினமானது. 1861இல் நாதார் என்னும் பிரெஞ்சுக் கலைஞர், பாரிசின் நிலத்தடி எலும்புக் குகைகளை மின்விளக்கின் துணையால் படமெடுத்தார். ஒரு படத்துக்குப் பதினெட்டு நிமிடம் வரை தேவைப்பட்டது. அங்கு உழைத்த தொழிலாளி அத்துணை நேரம் அசையாது நிற்றல் இயலாது. ஆகவே தொழிலாளியின் உடையணிந்த பொம்மைகளை நாதார் நிறுத்தினார். கட்டடம் உண்மை; சுமை உண்மை; உழைப்பாளி மட்டும் பொம்மை. முக்காலிக் காலத்தின் குறைபாட்டை இதனினும் தெளிவாக உணர்த்தும் நிகழ்ச்சி அரிது.

கைக்கு வந்த கருவி

1871இல் ரிச்சர்ட் மாடாக்ஸ் உலர்தகட்டு முறையை வெளியிட்டார். 1888இல் ஜார்ஜ் ஈஸ்ட்மன் கோடாக் கருவியை விற்பனைக்குக் கொணர்ந்தார். நூறு படங்களுக்கான சுருளைத் தாங்கிய அச்சிறு பெட்டியைக் கையிலேயே பிடித்துப் படமெடுக்கலாம். எனினும் அது வெயிலை நம்பிய கருவி; வீட்டின் வாயிற்படியைத் தாண்டினால் அதன் ஆற்றல் குன்றியது.

உட்புற இருளை வென்றவை செருமானியக் கருவிகள். 1924இல் வெளிவந்த எர்மனாக்ஸ், அகன்ற துளையுடைய எஃப் 2 லென்சைக் கொண்டிருந்தது. எஃப் 16 அளவுக்குச் சுருக்கிய துளையை நோக்க, அஃது அறுபத்து நான்கு மடங்கு ஒளியை உட்செலுத்தும். 1928இல் எரிக் சாலமன் அக்கருவியை மறைத்துவைத்துப் பெர்லின் நீதிமன்றத்தின் உள்ளே நடந்தவற்றைப் படமாக்கினார். ஆஸ்கர் பார்னாக் உருவாக்கிய லைக்கா 1925இல் விற்பனைக்கு வந்தது. முப்பத்தாறு படங்களுக்கான சுருள் சட்டைப்பையில் அடங்கும் கருவியில் அமைந்தது. 1933இல் அதற்கும் எஃப் 2 லென்சு கிடைத்தது. அன்று முதல் இடிந்த மாடத்துள் தனியொருவர் நுழைந்து, படியேறி, தூண் மறைவில் நின்று படமெடுத்துத் திரும்புதல் எளிதாயிற்று.

நடுக்கத்தை வெல்லும் முறை

மனிதக் கை ஒருபோதும் முற்றிலும் அசையாதிருப்பதில்லை. லென்சின் குவியத் தொலைவு ஐம்பது மில்லிமீட்டராயின், ஒளிபுகும் நேரம் நொடியில் ஐம்பதில் ஒரு பங்குக்கு மேற்படலாகாது என்பது பழைய கைவிதி. பாழ்மனையின் அறையில் அவ்வளவு ஒளி பெரும்பாலும் இராது. ஆகவே அனுபவமிக்கோர் முழங்கைகளை விலாவோடு சேர்த்து, தோளைச் சுவரிலோ நிலைக்கதவிலோ சாய்த்து, மூச்சைப் பாதி விட்டு நிறுத்தி, பொத்தானை மெல்ல அழுத்துவர். சன்னல் மாடமும் படிக்கட்டின் கைப்பிடியும் அவர்களுக்குத் தாங்கிகளாயின. கட்டடமே முக்காலியாயிற்று எனலாம்.

உளுத்த பலகைத் தளத்தில் முக்காலியும் அசையும். குறுகிய படிக்கட்டில் அதனை விரிக்க இடமிராது. இந்தியத் தொல்லியல் துறையின் காப்பிலுள்ள இடங்களில் அதற்குத் தனி அனுமதியும் வேண்டும். பின்னாளில் நடுக்கத்தைத் தானே ஈடுசெய்யும் லென்சுகள் தோன்றின. தனிலென்சுப் பிரதிபலிப்புக் கருவிகளுக்கான முதல் லென்சை அவ்வகையில் கேனன் நிறுவனம் 1995இல் வெளியிட்டது. 2018 அளவில், பல படங்களை ஒன்றாக இணைத்து இருட்காட்சியைத் துலக்கும் ஆற்றல் கைப்பேசிக்கும் வந்துவிட்டது. நாதாருக்குப் பதினெட்டு நிமிடம் பிடித்த பணியை இன்று ஒரு மாணவன் சில நொடிகளில் முடிக்கக்கூடும்.

மலேசிய மண்ணில்

இவ்வரலாறு மலேசியத் தமிழரை நெருங்கித் தொடும் இடங்களுள் ஒன்று, பேராக் மாநிலத்தின் பத்து காஜாவுக்கு அருகிலுள்ள கெல்லி மாளிகை. வில்லியம் கெல்லி ஸ்மித் என்ற ஸ்காட்லாந்துக்காரர் 1915இல் அதனைக் கட்டத் தொடங்கினார். செங்கல் இந்தியாவிலிருந்து வந்தது. சென்னை மாகாணத்திலிருந்து தமிழ்த் தொழிலாளர் வந்தனர். 1926இல் ஸ்மித் லிஸ்பன் நகரில் காலமானார். மாளிகை முற்றுப்பெறாமலே கைவிடப்பட்டது, காடு சூழ்ந்தது. மின்தூக்கிக்கென எழுப்பிய கோபுரத்தையும், வளைவுச் சன்னல்களின் ஒளி சாய்ந்து விழும் நடைக்கூடங்களையும் இன்று சுற்றுலாப் பயணிகள் எண்ணற்ற படங்களாக எடுக்கின்றனர். ஆனால் வெறுஞ்சுவரில் தெரியும் செங்கல் வரிசை தமிழ்க் கைகள் அடுக்கியது என்பதை எண்ணி அதனை அருகிருந்து எடுப்போர் சிலரே. சிறிது தொலைவில் தொழிலாளருக்காக எழுந்த மாரியம்மன் கோயிலின் மேல், ஸ்மித்தின் உருவம் என்று சொல்லப்படும் சிலையொன்றும் நிற்கிறது.

மாளிகை தப்பியது, அதனைக் கட்டியோரை ஒத்த மக்கள் வாழ்ந்த தோட்ட லயன்களுக்கு அப்பேறு வாய்க்கவில்லை. ரப்பர் நீங்கிச் செம்பனை பரவியபோதும், தோட்டங்கள் துண்டாடப்பட்டு வீட்டுமனைகளானபோதும் லயன்கள் பல இடிக்கப்பட்டன. தோட்டத் தமிழ்ப்பள்ளிகள் பல இடம்பெயர்ந்தன. முக்காலியும் மாட்டு வண்டியும் அவ்வீடுகளைத் தேடிச் சென்றது அரிது. அடுப்படிப் புகைக்கறை, சுவரில் பிள்ளையின் உயரத்தை அளந்த கோடு, சாமிமாடத்தின் எண்ணெய்ப் பிசுக்கு ஆகியவற்றை அங்கு வாழ்ந்தோரன்றி வேறெவரும் படமெடுக்கத்தக்கவை என எண்ணார்.

அந்த எண்ணம் உடையவரின் கையிலேயே இன்று கருவி உள்ளது. உரிமையாளரின் இசைவு பெற்று, தளத்தின் உறுதியைச் சோதித்து, எஞ்சிய லயன் ஒன்றினுள் தமிழ் மாணவர் நுழைதல் வேண்டும். படத்தோடு தோட்டத்தின் பெயர், நாள், அங்கு வாழ்ந்த முதியவர் கூறும் விளக்கம் ஆகியவற்றையும் எழுதிவைத்தல் வேண்டும். அம்முதியவரையே அவ்வாயிற்படியில் நிற்கச் செய்து எடுத்தல் இன்னும் சிறப்பு. நாதார் பொம்மையை நிறுத்த நேர்ந்த இடத்தில் உழைத்த மனிதரே நிற்பதற்கு இன்று தடையேதும் இல்லை. தடையாவது காலம் ஒன்றே. முதியவரும் லயனும் அதற்காகக் காத்திருப்பதில்லை.