கம்பத்தில் ஏறியவர்கள்

மின்சாரத்தின் வரலாறு என்றதும் பாடநூல்கள் எடிசனையே நமக்குக் காட்டுகின்றன. கம்பத்தில் ஏறிக் கம்பி இழுத்தவனை அவை அறியா. 1872இல் டெக்சாஸில் தந்திக் கம்பி இழுத்த தொழிலாளருக்குத் தண்ணீர் சுமந்தான் ஹென்றி மில்லர் என்னும் சிறுவன். அத்தொழிலின் முதற்படி அதுவே. முறையான பயிற்சி என்று ஒன்றில்லை, பார்த்துப் பழகுவதுதான். தந்திக் கம்பியிற் செய்த பிழை வேலையைக் கெடுத்தது. பின்வந்த மின்வெளிச்சக் கம்பியிலோ அது உயிரைக் குடித்தது.

1889இல், நியூ யோர்க்கில், பட்டப்பகலில், தெருவிற் கூடிய சனங்களின் கண்ணெதிரே ஜோன் பீக்ஸ் என்னும் தொழிலாளி கம்பி வலையிற் சிக்கிக் கருகினான். அவன் தொட்டது தந்திக் கம்பிதான்; வேறெங்கோ அதனோடு உராய்ந்த வெளிச்சக் கம்பி அவனைக் கொன்றது. கம்பிகளை நிலத்தடியிற் புதைக்குமாறு 1884இலேயே சட்டம் இருந்தது என்பதை நாம் மறக்கலாகாது. கம்பெனிகள்தாம் மசியவில்லை.

1891இல் சென்ற் லூயிஸ் நகரில் 10 பிரதிநிதிகள், 286 தொழிலாளர் சார்பிற் கூடி, மின்தொழிலாளர் சங்கம் கண்டனர். மில்லர் அதன் முதல் தலைவரானார். சங்கம் வகுத்த முதல் உதவி யாது? இறந்தவனை அடக்கஞ்செய்ய 50 டொலர்! தலைமைப் பதவி விட்டபின் மில்லர் மீண்டும் கம்பமேறியே பிழைத்தார். 1896 ஜூலையில், வாஷிங்டனில், மின்தாக்கிக் கீழே விழுந்து மாண்டார்.