உலுவாவும் எலும்புத் தூண்டிலும்

ஒரு தூண்டிலை வரைந்து காட்டுமாறு நம்மில் யாரைக் கேட்டாலும், கீழே வளைந்து முனை மேல்நோக்கி நிமிர்ந்து நிற்கும் கொக்கியைத்தான் வரைவோம். ஹவாய்த் தீவுகளின் பழந்தூண்டில்களைப் படத்தில் முதன்முறையாகக் காண்பவர்கள் அவற்றைத் தூண்டில் என்று ஏற்கவே தயங்குவர். முனை மேலே செல்லாமல் உள்நோக்கிச் சுருண்டு, தண்டையே தொட்டுவிடுவதுபோல் நிற்கிறது. இடையில் ஒரு விரல் நுழையும் இடைவெளிகூடச் சிலவற்றில் இல்லை. காதணியோ பதக்கமோ என்றுதான் எண்ணத் தோன்றும். இப்படிப்பட்ட கொக்கி எதைப் பிடிக்கும்?

உலுவாவைப் பிடிக்கும். (மலையாள நாட்டில் உலுவா என்றால் வெந்தயம், அதற்கும் இதற்கும் தொடர்பில்லை.) நம் கடற்கரைகளில் பாரை என்றழைக்கப்படும் மீன்களின் இனத்தைச் சேர்ந்தது இது. இவ்வினத்திலேயே பேருருக் கொண்டது 1.7 மீட்டர் நீளமும் 80 கிலோ எடையும் எட்டக்கூடியது. பவளப்பாறையின் விளிம்பில், அலை உடையும் இடத்தில் வேட்டையாடும். தூண்டிலில் சிக்கியதும் ஆழத்தை நோக்கியும் பாறை இடுக்குகளை நோக்கியும் பாயும். கயிறு பாறையில் உரசினால் கதை முடிந்தது. ஆகவே இம்மீனைப் பிடிப்பவனுக்கு மூன்று தேவைகள்: உடையாத கொக்கி, அறுபடாத கயிறு, நழுவாத முடிச்சு. இரும்பே அறியாத ஒரு சமூகம் இம்மூன்றையும் எவ்வாறு அடைந்தது என்பதே நாம் இங்கே பார்க்க விரும்புவது.

முதலில் கொக்கி. ஹவாயில் பெருவிலங்குகள் இல்லை. குடியேறியவர்கள் கொண்டுவந்த பன்றியும் நாயும்தான் உண்டு. திமிங்கில எலும்பு கரையொதுங்கினால் கிடைக்கும். சிப்பியும் ஆமையோடும் சிறு தூண்டில்களுக்குப் போதும். பெருமீனைத் தாங்கும் கொக்கிக்குத் தடித்த, அடர்ந்த, நீண்ட எலும்பு வேண்டும். அத்தீவுகளில் எளிதில் கிடைத்த அத்தகைய எலும்பு மனிதனின் தொடையெலும்பு.

இதைப் படிக்கையில் நமக்கு உடல் சிலிர்ப்பது இயல்பே. அவர்களும் இதை எளிதாக எடுத்துக்கொள்ளவில்லை. இறந்தவரின் ஆற்றல் எலும்பில் உறைகிறது என்பது அவர்தம் நம்பிக்கை. ஆகையால் பகைவனின் எலும்பைத் தூண்டிலாக்குவது அவனுக்கு இழைக்கும் உச்சபட்ச அவமதிப்பு. தலைவர்களின் எலும்புகளை யாரும் அறியாத குகைகளில் ஒளித்துவைக்கும் வழக்கத்துக்கு இந்த அச்சமும் ஒரு காரணம். தீவுகளை ஒரே ஆட்சியின்கீழ்க் கொணர்ந்த முதலாம் கமேஹமேஹா 1819இல் இறந்தபோது அவர் எலும்புகளும் அவ்வாறே மறைக்கப்பட்டன. அவை இருக்குமிடம் இன்றுவரை அறியப்படவில்லை.

மீனுக்கும் மனிதனுக்குமான இவ்வுறவு எதிர்த்திசையிலும் ஓடுகிறது. கோயிற் சடங்குகளில் நரபலிக்கு ஆள் கிடைக்காதபோது உலுவாவையே பலியாக இட்டனர். கபு என்னும் பழைய விலக்கு முறையில் பெண்கள் உண்ணக்கூடாத உணவுகளுள் பன்றி, தேங்காய், பெரும்பாலான வாழை வகைகளோடு உலுவாவும் அடங்கும். மீறினால் மரணம். கமேஹமேஹா இறந்த அதே ஆண்டில் அவர் மனைவி காஅஹுமனு புதிய மன்னனோடு ஒரே பந்தியில் அமர்ந்து உண்டு அம்முறையை முறித்தார். ஒரு மீனை யார் பிடிக்கலாம், யார் உண்ணலாம் என்பதில் ஓர் அரசின் ஒழுங்கே அடங்கியிருந்தது என்பதை இது காட்டுகிறது.

இனி வடிவம். எலும்பு உறுதியானது; ஆனால் உலோகத்தைப்போல் வளைந்து கொடுக்காது, ஒடியும். நாம் வரையும் அகன்ற கொக்கியில் மீனின் இழுவை வளைவை விரித்துப் பிளக்கப் பார்க்கும். முனையை உள்நோக்கித் திருப்பிவிட்டால் இழுவைக்கோடு முனைக்கு அருகிலேயே செல்கிறது. வளைவின் மேல் விழும் சுமை குறைகிறது. இது ஒரு பயன். இதனினும் நுட்பமானது மற்றொன்று. இரையை விழுங்கிய மீன் திரும்பி ஓடும்போது, உள்நோக்கிய முனை தொண்டையில் குத்தாமல் வழுக்கி வந்து வாயின் ஓரத்தை அடைகிறது. கயிறு இறுகும்போது கொக்கி தானே சுழன்று தாடையைச் சுற்றிக்கொள்கிறது. அதன்பின் மீன் எவ்வளவு துள்ளினாலும் கழலுவது அரிது. தூண்டில்காரன் வெடுக்கென்று இழுத்தால்தான் காரியம் கெடும். சீராக இறுக்கிப் பிடித்திருப்பதே வித்தை. பலாவுத் தீவுகளின் தென்மேற்கே உள்ள தோபி என்னும் சின்னஞ்சிறு தீவின் மீனவர்கள் தம் தூண்டில்களைப் பற்றித் தந்த விளக்கங்களை ஆர். ஈ. ஜோஹன்னஸ் என்னும் கடலியலார் 1981இல் வெளியிட்ட தம் நூலில் பதிவுசெய்திருக்கிறார். கொக்கியின் ஒவ்வொரு கோணத்துக்கும் அவர்களிடம் காரணம் இருந்தது.

கயிறு ஓலோனா என்னும் செடியின் நாரிலிருந்து வந்தது. மழைக்காட்டில் வளரும் இது காஞ்சொறியைப்போல் அரிக்கும் செடிகளின் குடும்பத்தைச் சேர்ந்தது என்றாலும் அரிக்காது. பட்டையை உரித்துப் பலகைமேல் நீட்டி, ஆமையோட்டாலோ ஆமை எலும்பாலோ சுரண்டி நாரெடுத்து, தொடையில் வைத்து உருட்டித் திரிப்பார்கள். மன்னருக்குச் செலுத்தும் வரிப்பொருள்களில் ஓலோனாவும் ஒன்று. உப்புநீரில் எளிதில் இற்றுப்போகாத அதன் உறுதியை ஐரோப்பிய மாலுமிகளும் நாடினர்.

முடிச்சுக்கு வருவோம். எலும்புத் தூண்டிலில் கண் கிடையாது. துளையிட்டால் அவ்விடத்திலேயே ஒடியும். ஆதலால் தண்டின் தலையில் ஒரு குமிழையோ வெட்டையோ செதுக்கி, அதற்குக் கீழே நாரைப் பல சுற்றுச் சுற்றி இறுக்கினர். குமிழ் வெளிப்புறம் இருக்க, கயிறு தண்டின் உட்புறமாகப் படிந்து வெளியேறும். கொக்கி சுழல்வதற்கு இந்த உட்புறப் பிடிப்பு துணைசெய்கிறது. பெரிய தூண்டில்களைத் தண்டு வேறு, முனை வேறாகச் செய்து அடியில் சேர்த்துக் கட்டுவதும் உண்டு. கட்டு நெகிழ்ந்தால் கொக்கியே இரண்டாகிவிடும். மரங்களைக் கட்டியே கலம் செய்து அதற்குக் கட்டுமரம் என்றே பெயரும் வைத்த நமக்கு, கட்டின்மீது இத்தனை நம்பிக்கை வைத்தவர்களைப் புரிந்துகொள்வது கடினமன்று.

நார் மக்கிவிடும், குமிழும் வெட்டும் நிலைக்கும். ஹொனலூலுவின் பிஷப் அருங்காட்சியகத்தைச் சேர்ந்த கென்னத் எமரி 1950களில் ஹவாய்ப் பெருந்தீவின் தென்முனையான கா லாயே பகுதியில் அகழாய்வு நடத்தினார். படகை நிறுத்தக் கயிறு கட்டுவதற்கென எரிமலைப் பாறையில் பண்டைய மீனவர் குடைந்த துளைகளை இன்றும் காணக்கூடிய இடம் அது. மேற்படிப்புக்காகக் கலிபோர்னியா செல்லும் வழியில் 1954இல் அங்கே வந்த யோசிஹிக்கோ சினோட்டோ என்னும் ஜப்பானிய இளைஞர் அப்பணியில் சேர்ந்து, பின்னர்த் தம் வாழ்நாள் முழுவதையும் அந்தத் துறைக்கே தந்தார். எமரி, வில்லியம் பாங்க், சினோட்டோ மூவரும் நான்காயிரத்துக்கும் மேற்பட்ட தூண்டில்களையும் துண்டுகளையும் ஒப்பிட்டு 1959இல் ஒரு நூல் வெளியிட்டனர். நம் நாட்டில் பானையோட்டை வைத்துக் காலம் கணிப்பதுபோல், பானை வனையாத ஹவாயில் தூண்டிலை வைத்துக் காலவரிசை அமைக்கலாம் என்பது அவர்கள் துணிபு. இருதுண்டுத் தூண்டில்களின் அடிப்பகுதியில் முற்காலத்தில் வெட்டும் பிற்காலத்தில் குமிழும் இருந்ததாக அவர்கள் கண்டனர். அதாவது, மறைந்துபோன ஒரு கட்டு முறையின் தடத்தைக்கொண்டு குடியேற்ற வரலாற்றை எழுத முற்பட்டனர். அவர்கள் நம்பியிருந்த தொடக்கக் காலக்கணிப்புகள் பிற்பாடு நிலைக்கவில்லை. ஹவாய்க் குடியேற்றம் ஏறத்தாழப் பொ.ஆ. 1000க்கும் 1200க்கும் இடைப்பட்டது என்றே இன்று பெரிதும் கருதப்படுகிறது. ஆயினும் தூண்டிலின் தலையை ஓர் ஆவணமாகப் படிக்கக் கற்றுத்தந்த அந்நூலின் மதிப்பு குறையவில்லை என்பதே நம் எண்ணம்.

குக்கின் கப்பல்கள் 1778 ஜனவரியில் கவாய்த் தீவை அடைந்தபோது தீவினர் எல்லாவற்றிலும் மேலாக விரும்பியது இரும்பாணிகளை. இரும்பு பெருகப் பெருக எலும்பை மணிக்கணக்கில் பவளக்கல்லிலும் கடல்முள்ளெலியின் முள்ளிலும் அராவும் வேலை அருகியது. பின்னர் நைலான் தங்கூசி வந்து ஓலோனாவையும் விடைபெறச் செய்தது.

சுருண்ட வடிவம் மட்டும் வேறு வழியாகத் திரும்பியது. வட பசிபிக்கின் ஹாலிபட் மீனவர்கள் 1980களின் தொடக்கத்தில் வட்டத் தூண்டிலுக்கு மாறியபோது அவர்களின் பிடிப்பு வெகுவாகக் கூடியது. 2004இல் ஹவாயின் வாள்மீன் நெடுந்தூண்டிற் படகுகள் மீண்டும் கடலுக்குச் செல்ல அனுமதிக்கப்பட்டபோது, விதிக்கப்பட்ட நிபந்தனைகளுள் ஒன்று, பெரிய அளவு வட்டத் தூண்டிலையே பயன்படுத்த வேண்டும் என்பது. ஆமைகள் அதை விழுங்குவது குறைவு என்பதே காரணம்.