ஒரே கேள்வி, இரண்டு விடை

ஹுத்தான் மெலிந்தாங்கில் காட்டிக் கணக்கில் மீன் வாங்கிய பெரியவர்களுக்கு ஒன்று தெரியும். நம் நாட்டுக் காட்டி ஏறக்குறைய 605 கிராம். சீனாவில் அது 500 கிராம். ஒரே மீனை நிறுத்தாலும் இங்கே ஓர் எண், அங்கே வேறோர் எண். தராசு பொய் சொல்லவில்லை, அளவுதான் வேறு. கணினிக்கும் இதே சிக்கல் வந்தது.

1986-இல் அமெரிக்காவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் மைக்கேல் ஸ்டோன்பிரேக்கர் 'போஸ்ட்கிரெஸ்' என்னும் தரவுத்தள மென்பொருளைத் தொடங்கினார். 1996-இல் அது 'போஸ்ட்கிரெஸ்கியூஎல்' எனப் பெயர் மாறியது. தரவுத்தளம் என்பது தோட்டத்துச் செக்ரோலைப் போன்ற ஒரு பேரேடு. அந்த மென்பொருளில் திருத்தம் செய்யும்போதெல்லாம் கணினி பல கேள்விகளைத் தானே கேட்டு, வரும் விடைகளை முன்பே எழுதிவைத்த விடைத்தாளோடு ஒப்பிட்டுப் பார்க்கிறது. இதுவே தானியங்கிச் சோதனை.

ஆனால், மிகப் பெரிய எண்களை எழுதும்போது சில கணினிகள் பத்தின் அடுக்கை 10 என்றன. அன்றைய விண்டோஸ் 010 என்றது. இரண்டும் சரியே. ஆகவே இரண்டு விடைத்தாள்கள் வைத்தனர். இதில் ஆபத்தும் உண்டு. விடைத்தாள்கள் பெருகினால், மெய்யான பிழையும் 'இது வேறுபாடுதான்' என்று தப்பிவிடும்.

பெயர்களை வரிசைப்படுத்துவதில் சிக்கல் இன்னும் பெரிது. அந்த விதியை மென்பொருள் இயங்குதளத்திடம் கடன் வாங்கியது. 2018 ஆகஸ்டில் லினக்ஸ் கணினிகளின் அடிப்படை நூலகமான 'கிளிப்சி' 2.28 வெளிவந்தபோது அவ்விதி மாறியது. பழைய வரிசையில் அடுக்கிய ஏட்டைப் புதிய விதியால் தேடினால், இருக்கும் பெயரும் இல்லையென்றே வரக்கூடும். செக்ரோலில் பெயர் காணாமற்போனால் சம்பளநாளில் என்ன நடக்கும் என்பதை நமக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

பிறகு வழி பிறந்தது. 2019-இல் வந்த 12-ஆம் பதிப்பு பின்ன எண்களைத் தானே எழுதக் கற்றது. 2024-இல் வந்த 17-ஆம் பதிப்பு சொந்த வரிசை விதி ஒன்றையும் கொண்டுவந்தது. ஊருக்கு ஊர் தராசு தேடாமல், தன் தராசைத் தானே சுமந்து செல்வது போன்றது இது.

எனினும் ஒன்றை மறக்கலாகாது. அந்தச் சொந்த விதி யூனிகோடு எண்வரிசையைப் பின்பற்றுகிறது. அதில் 'ந'வை அடுத்து 'ன' வருகிறது. நம் அரிச்சுவடியிலோ 'ன' கடைசி எழுத்து. எல்லாக் கணினிகளும் ஒரே விடையைச் சொல்லலாம். அது நமக்கு ஏற்ற விடையா என்று பார்க்கத் தமிழ் அறிந்தவர் வேண்டும். கணினி கற்கும் நம் பிள்ளைகள் தமிழும் கற்கட்டும்.