முதற்பார்வையும் ஆழ்நோக்கும்: இப்னுல் ஹைஸம் முதல் மெய்நிகர்க் காட்சி வரை

கடலூர் முதுநகர்த் துறைமுகத்திலோ, மஹ்மூது பந்தர் என வழங்கப்பெற்ற பரங்கிப்பேட்டைக் கரையிலோ நின்று முழுமதி எழுவதைக் காண்போருக்கு, அது உச்சிவானத்து நிலவினும் மிகப் பெரிதாகத் தோன்றும். அளந்து பார்த்தால் இரண்டும் ஏறத்தாழ அரைப் பாகை அகலமே. நிலவைப் பெருக்கிக் காட்டுவது வானமன்று, நம் பார்வையே. ஏறத்தாழ 965இல் பஸ்ராவில் பிறந்து, 1040 வாக்கில் கெய்ரோவில் மறைந்த அல்ஹஸன் இப்னுல் ஹைஸம் இதற்குத் தந்த விளக்கம் இன்றும் ஆய்வாளரால் எடுத்தாளப்படுகிறது. அடிவானம் வரை இடைப்பட்ட பொருள்கள் தொடர்ந்து தெரிவதால் அங்குள்ள நிலவை மிகத் தொலைவினதாக மனம் கொள்கிறது. தொலைவினது எனக் கொண்டதால் பெரியது எனவும் தீர்ப்பளிக்கிறது.

கண்ணிலிருந்து கதிர் புறப்பட்டுப் பொருளைத் தொடுவதாக யூக்ளிடும் தாலமியும் கருதினர். பொருளிலிருந்து வரும் ஒளியே கண்ணை அடைகிறது என்று, ஏழு பாகங்கள் கொண்ட தமது ‘கிதாபுல் மனாளிர்’ நூலில் இப்னுல் ஹைஸம் நிறுவினார். கடும் ஒளியை நோக்கும்போது கண் நோவதையும் அதற்குச் சான்றாக்கினார். மேலும் அவர், கண நேர முதற்பார்வை வேறு, ‘தஅம்முல்’ எனும் ஆழ்நோக்கு வேறு எனப் பிரித்தார். பார்வையின் நடு அச்சில் விழுவதே மிகத் தெளிவாகத் தெரியும். ஆகவே ஒரு பொருளை முற்ற அறிய, அதன் பகுதிகள் ஒவ்வொன்றும் அந்த அச்சில் விழுமாறு கண் நகர வேண்டும் என்றார். படிக்கும்போது கண் வழுக்கிச் செல்வதில்லை, தாவித் தாவியே செல்கிறது எனப் பிரெஞ்சு மருத்துவர் ழவால் எழுதியது 1870களின் இறுதியில்தான்.

இரு கண்களின் அச்சுகளும் ஒரு பொருளில் கூடும்போது அது ஒன்றாகத் தெரியும். அதற்கு முன்னும் பின்னும் உள்ளவை இரட்டையாகத் தெரியக்கூடும். இதனை அவர் ஒரு பலகையைக் கொண்டு சோதித்துக் காட்டினார். 1838இல் வீட்ஸ்டன் விளக்கிய இருகண் படக்காட்டியும், 1968இல் சதர்லாந்து அறிமுகப்படுத்திய தலையணிக் காட்சிக்கருவியும் இரு கண்களுக்கும் வெவ்வேறு படங்களைத் தந்து ஆழத்தைத் தோற்றுவித்தன. இன்றைய மெய்நிகர்க் கருவிகள் சில விழியசைவைத் தொடர்ந்து, கண் நோக்கும் இடத்தை மட்டும் கூர்மையாக வரைகின்றன. ஆயினும் ஓர் இடர் உண்டு. விழிகள் தோற்றத் தொலைவில் கூடுகின்றன. கண்வில்லையோ திரையின் ஒளியியல் தொலைவுக்கே குவிய வேண்டியிருக்கிறது. இம்முரண் கண்களுக்கு அயர்ச்சி தருகிறது.

இவை யாவும் ‘கிதாபுல் மனாளிர்’ நூலிலேயே உள்ளன என உரிமை கொண்டாடுவது அவ்வறிஞருக்கு நாம் செய்யும் சிறப்பாகாது. பார்வையுணர்வின் இருப்பிடம் கண்ணின் பளிங்குப் பகுதி என்றே அவர் கொண்டார். விழித்திரையிலேயே உருவம் விழுகிறது என 1604இல் விளக்கியவர் கெப்ளர். அந்தக் கெப்ளருக்கும் வழி வகுத்தது, இலத்தீனில் பெயர்க்கப்பட்டு 1572இல் பாசல் நகரில் அச்சேறிய இந்நூலே. அதற்கும் முன்பே கமாலுத்தீன் அல்ஃபாரிஸீ இதனை மறுஆய்வு செய்து ‘தன்கீஹுல் மனாளிர்’ எழுதினார். தாலமியை ஐயுற்று இப்னுல் ஹைஸம் தனிநூலே யாத்தார்; அவரையும் அவ்வாறே சோதித்தவர் அவர்தம் வழிவந்தோர்.

முன்னோர் பெயரைச் சொல்லிப் பெருமிதம் கொள்வது முதற்பார்வை மட்டுமே. அவர்தம் நூலைத் திறந்து, எது நிலைத்தது, எது திருத்தப்பட்டது என ஆராய்வதே ஆழ்நோக்கு. கண்ணுக்கு முன் இல்லாததை இருப்பதாகக் காட்டும் கருவிகள் பெருகிவரும் இக்காலத்தில், நம் இளைஞர்களுக்கு நாம் கையளிக்க வேண்டியது அவ்வாழ்நோக்கையே.