பேரவையில் ஒலித்த கவிதை

நாடுகளின் எல்லைகளை வாளும் பொன்னும் வரைகின்றன என்பர். அவ்வெல்லைகளின் நியாயத்தைப் பற்றிய வழக்கில் கவிதையும் சாட்சியாக நின்றதுண்டு. அமெரிக்க ஐக்கிய நாடு கடல்கடந்த பேரரசாக மாறிய காலத்து வரலாறு அதனைக் காட்டுகிறது.

1803இல் லூசியானா நிலப்பரப்பைப் பிரான்சிடமிருந்து 1.5 கோடி டாலருக்கு வாங்கிய அந்நாடு, தன் பரப்பை ஏறத்தாழ இருமடங்காக்கிக் கொண்டது. 1848இல் மெக்சிகோவைப் போரில் வென்று கலிபோர்னியா முதலிய பகுதிகளைப் பெற்றது. 1867இல் ரஷ்யாவிடம் 72 இலட்சம் டாலர் கொடுத்து அலாஸ்காவை வாங்கியது. இவ்விரிவில் தொல்குடியினர் தம் மண்ணை இழந்தனர். எனினும், சேர்ந்த நிலம் ஒருநாள் சமவுரிமை பெற்ற மாநிலமாகும் என்பது பொது எதிர்பார்ப்பாக இருந்தது.

1898ஆம் ஆண்டு ஸ்பெயினுடன் மூண்ட போர் அந்நிலையை மாற்றியது. டிசம்பர் 10இல் கையெழுத்தான பாரிஸ் உடன்படிக்கையால் போர்ட்டோ ரிக்கோவும் குவாமும் பிலிப்பைன்ஸும் அமெரிக்கர் வசமாயின. பிலிப்பைன்ஸுக்காக ஸ்பெயினுக்கு 2 கோடி டாலர் தரப்பட்டது. ஆனால் பிலிப்பைன்ஸ் மக்களோ அகினால்டோ தலைமையில் அவ்வாண்டு ஜூன் 12ஆம் நாளே தம் விடுதலையை அறிவித்திருந்தனர். அவர்களுடைய தூதருக்குப் பாரிஸ் பேச்சுவார்த்தையில் இடமளிக்கப்படவில்லை.

அமெரிக்காவிலேயே எதிர்ப்பு எழுந்தது. 1898 நவம்பரில் பாஸ்டன் நகரில் ஏகாதிபத்திய எதிர்ப்புக் கழகம் தோன்றியது. மார்க் ட்வெய்ன் அதன் துணைத் தலைவர்களுள் ஒருவரானார். ஆளப்படுவோரின் இசைவின்றி ஆள்வது 1776ஆம் ஆண்டு விடுதலை அறிக்கைக்கே முரண் என்றனர் எதிர்ப்பாளர். சீன வணிகத்தின் வாயில் அத்தீவுகள் என்றும், அம்மக்கள் தன்னாட்சிக்குத் தகுதியற்றவர் என்றும் வாதிட்டனர் மறுதரப்பினர். 1899 பிப்ரவரியில் ஆங்கிலக் கவிஞர் கிப்ளிங் ‘வெள்ளையனின் சுமை’ என்னும் கவிதையால் அவர்களுக்குத் துணைநின்றார். பிப்ரவரி 4இல் மணிலாவில் போர் வெடித்தது. 6இல் செனட் சபை 57க்கு 27 என்ற வாக்குகளில் உடன்படிக்கையை ஏற்றது. தேவையான மூன்றில் இரு பங்கிற்கு மேல் ஒரே ஒரு வாக்கு!

எதிர்த்தோர் அனைவரும் அறவோர் அல்லர். மாநிறத்தார் தம்முடன் சமகுடிகளாகிவிடக் கூடாது என்ற அச்சத்தால் எதிர்த்தவர்களும் அவர்களுள் இருந்தனர். இரு தரப்பாரும் பிலிப்பைன்ஸ் மக்களைப் பற்றிப் பேசினர். அம்மக்களின் குரலைக் கேட்டவர் சிலரே.

அக்குரல் 1902 ஜூனில் அமெரிக்கப் பிரதிநிதிகள் சபையில் கேட்டது. பிலிப்பைன்ஸ் ஆட்சி குறித்த மசோதாவின் விவாதத்தில், ஹென்றி கூப்பர் என்ற உறுப்பினர் ஹோசே ரிசாலின் இறுதிக் கவிதையை மொழிபெயர்ப்பில் படித்தார். மருத்துவரும் நாவலாசிரியருமான ரிசால், 1896 டிசம்பர் 30இல் ஸ்பானியரால் சுட்டுக் கொல்லப்படுமுன் சிறையிலிருந்து விட்டுச்சென்ற கவிதை அது. இத்தகையவரைப் பெற்ற இனத்தையா நாகரிகமற்றது என்கிறீர்கள் என்பதே கூப்பரின் வாதம். மசோதா சட்டமாயிற்று; 1907இல் தேர்ந்தெடுக்கப்பட்ட சட்டசபை கூடியது.

கவிதை விடுதலையைக் கொணர்ந்துவிடவில்லை. அதற்கு 1946 ஜூலை 4 வரை காத்திருக்க வேண்டியதாயிற்று. போர்ட்டோ ரிக்கோ மக்கள் அமெரிக்கக் குடிமக்களாயினும், அத்தீவில் வாழ்வோர்க்குக் குடியரசுத் தலைவர் தேர்தலில் இன்றும் வாக்கில்லை.

இரு கவிதைகளையும் அருகருகே வைத்துப் பார்க்கிறேன். ஒன்று, ஆள்வோனின் பக்கம் நின்று பிறரைப் பற்றிப் பாடியது. மற்றொன்று, தன் மண்ணை நோக்கி ஒருவன் பாடியது. ஓரினம் மனித இனமே என்று மெய்ப்பிக்க ஒரு கவிஞனின் சாவும் ஒரு மொழிபெயர்ப்பும் வேண்டியிருந்தன என்பது கவிதைக்குப் பெருமைதான், கேட்டவர்களுக்கு அன்று.