ஊமைப்படக் காலத்து முதலாளி ஃபாத்மா பேகம்

இந்தியாவில் திரைப்படம் இயக்கிய முதல் பெண்மணி யார் என்று வினவினால், திரையுலகச் செய்திகளை விரல்நுனியில் வைத்திருப்போரும் சற்றே தயங்குவர். அவர் ஒரு முஸ்லிம் பெண்மணி. உருது பேசும் குடும்பத்தில் 1892-இல் பிறந்து, உருது நாடக மேடையில் பயின்று, பின்னர் ஊமைப்படங்களில் நடித்தவர். 1926-இல் பம்பாயில் தம் பெயராலேயே ‘ஃபாத்மா ஃபிலிம்ஸ்’ என்னும் நிறுவனத்தைத் தொடங்கிய ஃபாத்மா பேகம்தான் அவர்.

திரைப்படம் குறித்து மார்க்க அறிஞர்களிடையே நிலவும் கருத்துகளை நம் வாசகர்கள் அறிவர். அது தனியே பேசவேண்டிய பொருள். ஆயினும் நமக்கு உவப்பானவர்களை மட்டும் எழுதிவைத்து ஏனையோரை விட்டுவிட்டால், எஞ்சுவதை வரலாறு என்று அழைக்க இயலாது.

அவர் நுழைந்த காலத்தை முதலில் அறிந்துகொள்ள வேண்டும். 1913-இல் தாதாசாகேப் பால்கே ‘ராஜா ஹரிச்சந்திரா’ படத்தை எடுத்தபோது, அரசி தாராமதியாக நடிக்க ஒரு பெண்ணும் முன்வரவில்லை. உணவு விடுதி ஒன்றில் சமையல் வேலை பார்த்துவந்த சாளுங்கே என்னும் இளைஞரே அவ்வேடம் புனைந்தார். நான்கு ஆண்டுகளுக்குப் பின் வந்த ‘லங்கா தகனம்’ படத்தில் இராமரும் சீதையும் அவர் ஒருவரே! இடையில் துர்காபாய் காமத்தும் அவர் மகள் கமலாபாயும் துணிந்து நடித்தனர். எனினும் குடும்பப் பெண்கள் நெருங்கக்கூடாத தொழில் என்னும் எண்ணம் எல்லாச் சமூகத்தாரிடமும் ஆழ வேரூன்றியிருந்தது.

இச்சூழலில்தான் 1922-இல் அர்தேஷிர் ஈரானி தயாரித்த ‘வீர அபிமன்யு’ படத்தின் வாயிலாக ஃபாத்மா பேகம் திரைக்கு வந்தார். அப்போது அவருக்கு வயது முப்பது. சுபைதா, சுல்தானா, ஷெஹ்ஸாதி என மூன்று பெண்மக்களுக்குத் தாய். தொடர்ந்து கோஹினூர், இம்பீரியல் முதலிய நிறுவனங்களின் படங்களில் நடித்துப் பெரும்புகழ் அடைந்தார். மகள்களும் தாயின் வழியிலேயே நடிக்க வந்தனர்.

அந்நாளைய நடிகர்கள் பெரும்பாலும் மாதச் சம்பளக்காரர்கள். ஆலைத் தொழிலாளியைப் போலவே காலையில் ஸ்டுடியோவுக்குச் சென்று, சொன்ன வேடத்தைப் புனைந்து, மாத முடிவில் ஊதியம் பெறுவர். படம் நூறு நாள் ஓடினாலும் இலாபம் முதலாளிக்கே. படச்சுருளும் அவருக்கே சொந்தம். நான்கே ஆண்டுகளில் ஃபாத்மா பேகம் ஊதியம் பெறும் இடத்திலிருந்து ஊதியம் கொடுக்கும் இடத்திற்கு நகர்ந்தார் என்பதே அவர் வரலாற்றில் நான் பெரிதாகக் கருதுவது. பிற நிறுவனங்களில் நடிப்பதையும் அவர் கைவிடவில்லை. அங்கே நடித்துக்கொண்டே, தம் நிறுவனத்தில் தயாரிப்பையும் இயக்கத்தையும் கவனித்தார்.

ஒரு பெண் தன் பெயரில் தொழில் நடத்துவது அக்காலத்தில் பலருக்கும் புதுமை. மணமான பெண் தன் பெயரில் சொத்து வைத்துக்கொள்ளும் முழு உரிமை இங்கிலாந்திலேயே 1882-இல்தான் சட்டமாயிற்று. அன்னை கதீஜா (ரலி) அவர்களின் வணிகத்தை அறிந்த நமக்கு, பெண்ணின் பொருள் பெண்ணுக்கே உரியது என்பது பழைய செய்தி. அறிந்தோமே தவிர, நம் வீடுகளில் அதை எவ்வளவு நடைமுறைப்படுத்தினோம் என்பது வேறு கேள்வி. அதே 1926-இல்தான் போபாலின் சுல்தான் ஜஹான் பேகம் தம் மகனுக்காக அரியணை துறந்தார் என்பதையும் இங்கே நினைவுகூரலாம். நூறாண்டுகளுக்கு மேல் பெண்கள் ஆண்ட அரசு அது.

ஃபாத்மா பேகம் இயக்கிய முதற்படம் ‘புல்புல்-ஏ-பரிஸ்தான்’. மாயலோகக் கதை. தந்திரக் காட்சிகள் நிறைந்த, செலவு மிகுந்த படைப்பு. ஒலியே இல்லாத அக்காலத்தில் இத்தகைய காட்சிகளை ஒளிப்பதிவுக் கருவிக்குள்ளேயே உருவாக்க வேண்டும். ஒரே சுருளை மீண்டும் மீண்டும் ஓட்டிப் படம்பிடிக்க வேண்டும். சிறு பிழை நேர்ந்தாலும் முழுக்காட்சியும் வீண். புதிதாக முதல் போட்ட ஒருவர் எளிய குடும்பக் கதையைத் தேர்ந்திருந்தால் எவரும் குறை சொல்லியிருக்கமாட்டார்கள். 1928-இல் நிறுவனம் ‘விக்டோரியா-ஃபாத்மா ஃபிலிம்ஸ்’ எனப் பெயர் மாறியது. ‘ஹீர் ராஞ்சா’ அவ்வாண்டில் வந்தது. 1929-இல் வந்த ‘காடஸ் ஆஃப் லக்’ படத்தோடு அவருடைய இயக்குநர் வாழ்வு நிறைவுற்றது.

பின்னர் பேசும்படக் காலம் பிறந்தது. 1931 மார்ச் 14 அன்று பம்பாய் மெஜஸ்டிக் திரையரங்கில் வெளியான ‘ஆலம் ஆரா’, இந்தியாவின் முதல் பேசும்படம். அதன் நாயகி ஃபாத்மா பேகத்தின் மகள் சுபைதா. ஊமைப்படங்களில் கொடிகட்டிப் பறந்த சுலோச்சனா போன்றோர் இந்துஸ்தானி மொழியைக் கற்றுக்கொள்வதற்காகவே சில காலம் ஒதுங்கியிருக்க நேர்ந்தது. வீட்டிலேயே உருது பேசி வளர்ந்த சுபைதாவுக்கு அத்தடை இல்லை. அதே ஈரானியின் தயாரிப்பில் அதே ஆண்டு தமிழின் முதல் பேசும்படமான ‘காளிதாஸ்’ வெளிவந்தது. அதில் நாயகியாக நடித்த டி. பி. ராஜலட்சுமியும் ஊமைப்படங்களில் நடித்தவரே. 1936-இல் ‘மிஸ் கமலா’வை இயக்கி, தென்னாட்டின் முதல் பெண் இயக்குநர் என்று பெயர் பெற்றார். ஃபாத்மா பேகத்துக்கும் அவருக்கும் இடையே பத்தாண்டு இடைவெளி.

இந்தியாவில் எடுக்கப்பட்ட ஊமைப்படங்கள் ஏறத்தாழ 1,300. அவற்றுள் இன்று எஞ்சியிருப்பவை மிகச் சில. அக்காலப் படச்சுருள் எளிதில் தீப்பற்றக்கூடியது. வெப்பத்தில் தானே சிதைவது. பேசும்படம் வந்தபின் பழைய சுருள்களுக்கு விலையில்லை. அவற்றிலிருந்து வெள்ளியைப் பிரித்தெடுக்க விற்றவர்களும் உண்டு. ‘புல்புல்-ஏ-பரிஸ்தான்’ படத்தின் பிரதி எதுவும் இன்று இல்லை. ‘ஆலம் ஆரா’வும் அவ்வாறே அழிந்துபோயிற்று, ஆனால் அதன் பெயரைப் பாடநூல்கள் காத்தன, சுபைதாவின் பெயரும் உடன் நிலைத்தது.

ஃபாத்மா பேகம் 1930-களின் பிற்பகுதி வரை நடித்தார். அதன்பின் நாற்பது ஆண்டுகளுக்கும் மேலாகத் திரையை விட்டு விலகி வாழ்ந்து, 1983-இல் காலமானார்.